சித்து குடியின் தோற்றமும் வரலாறும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீக்கிய மக்களோடு பழகியவர்க்குச் சித்து, கில், தில்லோன், சந்து, பிரார், கரேவால் முதலிய பெயர்கள் புதியன அல்ல. பள்ளிப் பெயரேட்டிலும் வழக்கறிஞர் பெயர்ப்பலகையிலும் மருத்துவர் வாயிலிலும் அவை காணப்படுகின்றன. அவற்றைத் தந்தை பெயர் என்று கருதுவோர் உளர். ஊர்ப்பெயர் என்று கருதுவோரும் உளர். இரண்டும் பொருந்தா. அவை ஜாட் இனத்தாரின் குடிப்பெயர்கள். பஞ்சாபியில் இக்குடிப்பிரிவைக் 'கோத்' என்பர். கோத்திரம் என்னும் வடசொல்லின் திரிபே அது. ஆயினும், கோத்திரம் என்றதும் அதன் தலைவராக ஒரு முனிவரை எதிர்பார்த்தல் கூடாது. ஜாட் மக்களின் கோத் பெரும்பாலும் ஒரு மாடுமேய்ப்பவனிடமோ உழவனிடமோ போர்மறவனிடமோ போய் நிற்கும்.

இக்குடிகளுள் சித்து பெரியது. பஞ்சாபின் மக்கட்கணக்கை 1881ஆம் ஆண்டில் எடுத்து, அதனொடு சாதிகளைப் பற்றியும் விரிவாக எழுதிய டென்சில் இபட்சன் என்னும் ஆங்கில அதிகாரி, சித்துவையும் அதன் கிளையாகிய பிராரையும் பஞ்சாப் ஜாட் குடிகளுள் மிகப் பெரியனவும் முதன்மை வாய்ந்தனவும் என்று குறித்தார். பட்டியாலா, நாபா, ஜிந்து என்னும் மூன்று அரசுகளை ஆண்டவர் சித்துக்கள். ஃபரித்கோட்டை ஆண்டவர் பிரார்கள். மன்னரைத் தந்த இதே குடி, மழையை நம்பி மணல்நிலத்தில் கொண்டைக்கடலை விதைத்த பல்லாயிரம் உழவரையும் தந்தது. பெயரைப் பற்றி ஒரு சொல்: தமிழில் வழங்கும் 'சித்து' என்னும் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒலி ஒன்றாயிருப்பதுகொண்டு உறவு கற்பிக்கும் ஆர்வம் நம்மவரிடம் மிகுதியாதலின் இதனை முதற்கண் சொல்லிவிடுதல் நலம்.

ஜாட் மக்கள் யாவர்?

ஒலியொப்புமையால் இடர்ப்பட்டவர் தமிழர் மட்டும் அல்லர். ஜாட் என்னும் பெயரைப் பண்டைக் கிரேக்க, இலத்தீன் நூல்களிற் காணும் பெயர்களோடு இணைத்து, இவர்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த சகர் இனத்தார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டாடும் அலெக்சாண்டர் கன்னிங்காமும் எழுதினர். இராசபுத்தான வரலாற்றுக்கு டாடு செய்த தொண்டும், தொல்பொருளாய்வுக்குக் கன்னிங்காம் செய்த தொண்டும் பெரியன. எனினும் இவ்விடத்து அவர்கள் கொண்ட கருத்துக்குப் பெயரொப்புமையன்றி வேறு வலிய சான்று இல்லை. பெயர் இரண்டு ஒத்தொலித்தால் மக்களும் ஒருவரே என்று கொள்ளும் முறையை இன்றைய வரலாற்றாசிரியர் ஏற்பதில்லை.

உறுதியான செய்திகள் சிந்து நாட்டிலிருந்து தொடங்குகின்றன. அரபு நூல்கள் 'சுத்' என்று சுட்டும் மக்கள் இவரே. கி.பி. 712ஆம் ஆண்டில் அரபுப் படை சிந்துவை வென்ற செய்தியைக் கூறும் 'சச்நாமா' என்னும் நூல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் ஆக்கப்பட்டது. அந்நூலில், சிந்துவை ஆண்ட சச் என்னும் பிராமண மன்னன் ஜாட் மக்கள்மீது விதித்த கட்டுப்பாடுகள் சொல்லப்படுகின்றன. அவர்கள் பட்டு உடுத்தலாகாது. குதிரைமேல் சேணமிட்டு ஏறலாகாது. தலையிலும் காலிலும் ஒன்றும் அணியாது நடத்தல் வேண்டும். வெளியே செல்லும்போது நாயை உடன்கொண்டு செல்லல் வேண்டும். வென்ற அரபுத் தலைவனும் இவற்றை நீக்கினான் அல்லன். ஆட்சி மாறினும் அடிமட்டத்தார் நிலை மாறாமைக்கு இஃது ஒரு சான்று. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி நூலெழுதிய அல்பிரூனி, கண்ணன் வளர்ந்த ஆயர்குடியைப் பற்றிக் கூறுமிடத்து, அவர்களை மாடு மேய்க்கும் ஜாட்டுகள், தாழ்ந்த சூத்திரர் என்று எழுதிச் சென்றார்.

இவ்வாறு ஆடுமாடு மேய்த்துத் திரிந்தவர் எப்போது ஏர் பிடித்தனர்? இவ்வினாவுக்கு நல்ல விடை கண்டவர் இர்ஃபான் ஹபீப். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் கருத்து இது: சிந்துவிலிருந்து ஜாட் மக்கள் பதினோராம் நூற்றாண்டளவில் வடக்கு நோக்கி நகர்ந்து பஞ்சாபில் பரவினர், பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் பயிர்த்தொழிலாளராய் நிலைத்தனர். அக்பரின் காலத்தில், 1595ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட 'ஆயினே அக்பரி', பஞ்சாபின் பற்பல வட்டங்களில் நிலத்தலைவர் ஜாட்டுகள் என்று பதிந்துள்ளது. இம்மாற்றத்துக்கு உதவிய கருவி ஒன்றையும் ஹபீப் காட்டினார். கலயங்களைக் கோத்த வடம் ஒரு சக்கரத்தின்மேல் சுழல, மாடுகள் சுற்றிவந்து அதனை இழுக்க, கிணற்று நீர் ஓயாது மேலேறும். இதனைப் பாரசீகச் சக்கரம் என்பர். இலாகூர், திபால்பூர், சர்ஹிந்து ஆகிய இடங்களில் இதனைக் கண்ட பாபர், தம் நினைவுக்குறிப்பில் அதன் அமைப்பை எழுதிவைத்தார். ஏற்றமும் கவலையும் அறிந்த தமிழர்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் சித்து குடியின் தாயகத்தில் இச்சக்கரத்துக்கு அத்துணை வேலை இல்லை. சத்லெஜ் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள மால்வா நிலப்பகுதியில் பட்டிண்டாவைச் சூழ்ந்த இடத்தை 'ஜங்கல்' என்றே வழங்கினர். மரமடர்ந்த காடென்று எண்ணற்க. முட்புதரும் மணல்மேடும் நிறைந்த வறுநிலம் அது. கிணற்று நீர் ஆழத்திற் கிடக்கும். அதுவும் பல இடங்களில் உவர்நீர். 1882ஆம் ஆண்டில் சர்ஹிந்துக் கால்வாய் திறக்கப்படும்வரை அங்கே மழையே தெய்வம். மேய்ச்சலை முற்றும் விடாமலும், உழவை முற்றும் நம்பாமலும், வாளைக் கீழே வையாமலும் வாழ்ந்தாலன்றி அந்நிலத்தில் உயிர் தரித்தல் அரிது. இக்குடியின் இயல்பை விளக்குவது அதன் பட்டப்பெயர்கள் அல்ல, இந்த மணல்தான்.

ஜெய்சலும் சித்துவும்

இனிக் குடியினர் தம் தோற்றம் பற்றிக் கூறும் வரலாற்றைக் காண்போம். 1156ஆம் ஆண்டில் ஜெய்சல்மேர் நகரை அமைத்த ஜெய்சல் என்னும் பட்டி இராசபுத்திரனே இவர்களின் முன்னோன். அவன் கலகத்தால் நாடிழந்து ஹிசார்ப் பக்கம் வந்து தங்கினான். அவன் வழியில் சில தலைமுறை கழித்துத் தோன்றிய கீவா என்பவன் ஒரு ஜாட் பெண்ணை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகனே சித்து. தாய் ஜாட் ஆதலின் மகனும் அவன் வழியினரும் ஜாட் ஆயினர். சித்துவின் வழியில் பின்னர்த் தோன்றிய பிரார் என்பவன் பெயரால் பிரார் கிளை ஏற்பட்டது. பட்டி இராசபுத்திரர் தம்மைக் கண்ணபிரானின் யது குலத்தார் என்பர். ஆகவே சித்துக்களும் யது குலத்தார் ஆயினர். லெபல் கிரிஃபின் 1870ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பஞ்சாபின் அரசர்கள்' என்னும் நூலில், அரசகுடும்பங்கள் கூறிய இவ்வரலாறு முறையாகத் தொகுக்கப்பட்டது. இன்று பலரும் எடுத்தாள்வது அந்நூலையே.

இக்கதையை அப்படியே கொள்வதா, தள்ளுவதா? அதற்குமுன் ஒன்றை நோக்குதல் வேண்டும். இதே கதை வேறு குடிகளிலும் உண்டு. பரத்பூரை ஆண்ட சின்சின்வார் என்னும் ஜாட் குடியினரும், பயானாவின் யதுகுல இராசபுத்திரன் ஒருவன் ஜாட் பெண்ணைச் சேர்ந்து பெற்ற மக்களின் வழியே தாங்கள் என்பர். பெயரும் ஊரும் மாறுகின்றன. கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. தந்தை இராசபுத்திரன், தாய் ஜாட், மக்கள் இழிந்து ஜாட் ஆயினர் என்பதே அது. ஒரே அச்சில் வார்த்த கதைகள் பல கிடைக்குமாயின், அவை நிகழ்ச்சியைக் காட்டுவதினும் ஒரு தேவையைக் காட்டுகின்றன என்றே கொள்ளல் வேண்டும்.

அத்தேவை யாது? இராசபுத்திரர்க்கும் ஜாட்டுகளுக்கும் இடையே முகத்திலோ மொழியிலோ பெரிய வேறுபாடு இல்லை என்றும், வேறுபாடு ஒழுகலாற்றைப் பற்றியதே என்றும் இபட்சன் எடுத்துக்காட்டினார். அவ்வொழுகலாறுகளுள் தலையாயது கைம்பெண் மறுமணம். கணவனை இழந்த பெண்ணைக் கணவனின் தம்பியோ நெருங்கிய உறவினனோ தன் போர்வையை அவள்மேல் போர்த்தி மனைவியாக ஏற்றுக்கொள்வது ஜாட் வழக்கம். இதனைக் 'கரேவா' என்றும், 'சாதர் போடுதல்' என்றும் கூறுவர். இராசபுத்திரர் இதனை ஏற்கமாட்டார். அதனால், கரேவாவை ஏற்ற இராசபுத்திரன் ஜாட் ஆவான். நிலமும் படையும் பெற்றுக் கரேவாவை விட்டொழித்த ஜாட், சில தலைமுறையில் இராசபுத்திரன் ஆதலும் கூடும். இரு சாதிக்கும் இடையே இருந்தது மதில் அன்று, ஏணி. ஏணியில் ஏறுவோன் தான் முன்பு மேலே இருந்து வழுக்கியவன் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு வாய்ப்பானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சித்துக்களுக்கு ஓயாப் பகைவராய் இருந்தவர் யார் எனில், அதே பாலைநிலத்தில் வாழ்ந்த பட்டிகளே. தலைவர் பலர் அவர்களோடு பொருது மாண்டதைக் குடிவரலாறே கூறுகிறது. உறவு என்று ஏட்டில் எழுதப்பட்டவர் களத்தில் பகைவர். பகைவன் குலமே தன் குலமும் என்று கூறுவது, அவன் மேய்ச்சல் நிலத்தின்மேல் தனக்கும் உரிமை உண்டு என்று கூறுவதாகவும் இருந்திருக்கலாம் அன்றோ?

இவ்வாறு கூறுவதால் சித்துக்களை மட்டும் தற்பெருமைக்காரர் என்று எண்ணிவிடலாகாது. அரசு பெற்ற குடிகள் யாண்டும் இதனைச் செய்துள்ளன. புறநானூற்றின் 201ஆம் பாட்டில், இருங்கோவேளின் முன்னோர் வடபால் முனிவன் ஒருவனின் வேள்விக்குழியில் தோன்றித் துவரையை ஆண்டு நாற்பத்தொன்பது தலைமுறை வந்தவர் என்று கபிலர் கூறுகிறார். அகத்தியர் துவாரகையிலிருந்து வேளிரை அழைத்து வந்தார் என்று நச்சினார்க்கினியர் எழுதினார். கண்ணனின் துவாரகை, பஞ்சாபின் மணற்காட்டுக்கும் பறம்புமலை நாட்டுக்கும் ஒருங்கே குலமுதலிடம் ஆகியிருப்பது எண்ணத்தக்கது. பட்டியாலா மன்னரின் பட்டங்களுள் 'யதுகுலத்துக்கு அணி, பட்டிகுலத்துக்கு அணி' என்னும் பொருள்படும் தொடர் கடைசிவரை இருந்தது. அவ்வரசின் இறுதி மன்னர்க்கு இட்ட பெயரே யாதவேந்திர சிங்.

குடிமரபு வெறும் பெருமைக்கு மட்டும் பயன்பட்டதென்று கருதினும் பிழை. 1834ஆம் ஆண்டில் ஜிந்து அரசர் சங்கத் சிங் மகப்பேறின்றி இறந்தார். பாஜித்பூரில் வாழ்ந்த சரூப் சிங் என்னும் பங்காளி உரிமை கோரினார். அவர்க்கும் இறந்தவர்க்கும் பொதுவான முன்னோன், அரசை நிறுவிய கஜபத் சிங். 1837ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அளித்த முடிவு யாதெனில், கஜபத் சிங் எந்நிலங்களை ஆண்டாரோ அந்நிலங்களுக்கு மட்டும் சரூப் சிங் உரியவர். அவர்க்குப்பின் சேர்ந்தவை அவரைச் சாரா என்பது. கொடிவழியின் ஒரு கோடு எங்கே பிரிகிறது என்பதைக்கொண்டு ஊர்கள் கைமாறின. இந்நிலையில் அரசகுடும்பங்கள் தம் கொடிவழியைக் கண்ணுங் கருத்துமாய் எழுதுவித்ததில் வியப்பில்லை.

குருவின் வாழ்த்து

கதையைவிட்டு வரலாற்றை நெருங்கினால், இக்குடியின் எழுச்சி பதினாறாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1526ஆம் ஆண்டில் பாபர், பைராம் என்னும் சித்துத் தலைவனுக்குத் தில்லிக்குத் தென்மேற்கேயுள்ள தரிசுநிலத்தில் வரிதண்டும் 'சௌத்ரி' உரிமையை அளித்தார் என்பது குடும்ப மரபு. பைராமின் வழிவந்த மோகன் என்பவன், ஆறாம் குருவாகிய ஹர்கோவிந்தரின் துணைகொண்டு மெஹ்ராஜ் என்னும் ஊரை அமைத்தான். மோகனும் அவன் மகன் ரூப் சந்தும் பட்டிகளோடு நிகழ்ந்த சண்டையில் மாண்டனர். ரூப் சந்தின் சிறுவர் இருவரையும் சிற்றப்பன் காலா வளர்த்தான். அவருள் ஒருவன் பெயர் ஃபுல். பஞ்சாபியில் அதற்கு மலர் என்று பொருள்.

1644 முதல் 1661 வரை குருவாய் விளங்கிய ஹர்ராய் ஒருமுறை அவ்வூர்ப்பக்கம் வந்தபோது காலா சிறுவரை அழைத்துச் சென்றான். சிறுவன் ஃபுல் குருவின்முன் நின்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். இஃது என்ன என்று குரு வினவ, பசியைக் காட்டுகிறான் என்றான் காலா. "இவன் வழியினரின் குதிரைகள் யமுனையில் நீர் பருகும், பலருடைய பசியை இவன் தீர்ப்பான்" என்னும் கருத்துப்பட குரு வாழ்த்தினார் என்பர். செய்தி கேட்ட காலாவின் மனைவி, அண்ணன் பிள்ளைக்கு அரசு வாங்கித் தந்தீரே, நம் பிள்ளைகளுக்கு என்ன என்று சினந்தாளாம். மறுபடியும் தன் மக்களை அழைத்துச் சென்ற காலாவுக்கு, அவர்கள் எவர்க்கும் வரி செலுத்தாது தம் உழைப்பைத் தாமே உண்பர் என்னும் வாழ்த்துக் கிடைத்தது. அரசுகள் மூன்றும் ஒழிந்துபோன இந்நாளில், காலாவின் மனைவி கேட்டு வாங்கியதே நீடித்த செல்வமோ என்று தோன்றுகிறது.

இக்கதையை வரலாறென்று நிறுவ இயலாது. ஆயினும் ஜெய்சல் கதையைவிட இது மெய்க்கு அணுக்கமானது. ஏனெனில் ஃபுல்லின் குடும்பத்தார் குருமாரோடு கொண்ட தொடர்புக்கு ஆவணம் உண்டு. 1696ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பத்தாம் குரு கோவிந்த சிங், ஃபுல்லின் மக்களாகிய திலோகா, ராமா இருவருக்கும் திருமுகம் விடுத்து, குதிரைவீரருடன் வந்து தமக்குத் துணைசெய்யுமாறு பணித்தார். அவர்கள் வீடு தம் வீடே என்று அதில் எழுதினார். அம்மடல் பட்டியாலாவில் பெருஞ்செல்வமாய்ப் பேணப்பட்டது. ஃபுல்லின் பெயரால் இவ்வரசகுடும்பங்கள் 'ஃபுல்கியான்' எனப்பட்டன. திலோகாவின் வழியில் நாபாவும் ஜிந்தும், ராமாவின் வழியில் பட்டியாலாவும் தோன்றின. இதே சித்து குடியில் தோன்றிய பாய் பகத்து என்னும் அடியாரின் வழியினர் கைத்தலை ஆண்டனர். சந்தோக் சிங் என்னும் புலவர் குருமாரின் வரலாற்றைப் பாடிய பெருங்காப்பியம் அவர்கள் ஆதரவில் 1843ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அவ்வாண்டிலேயே கைத்தல் அரசர் வாரிசின்றி இறக்க, நாடு ஆங்கிலேயரிடம் சென்றது.

ஆலா சிங்

ராமாவின் மகன் ஆலா சிங் 1691ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை 1714ஆம் ஆண்டில் கொல்லப்பட்டபின் பர்னாலாவைத் தலைமையிடமாக்கிச் சிறுகச் சிறுக ஊர்களைச் சேர்த்தார். பின்னர்ப் பட்டியாலாவில் கோட்டை எழுப்பினார். 'பட்டி ஆலா', அஃதாவது ஆலாவின் நிலப்பங்கு என்பதே நகரின் பெயர்க்காரணம் என்பர். (இந்தப் 'பட்டி'யைக் கண்டு தமிழ் ஊர்ப்பெயர்களை நினைப்பவர், முன்பு கூறிய எச்சரிக்கையை மறவாதிருத்தல் நன்று.)

அவர் வாழ்ந்த காலம் கொடியது. தில்லியில் முகலாயர் தளர்ந்தனர். ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி மீண்டும் மீண்டும் படையெடுத்து வந்தார். சீக்கியப் படைக்குழுக்கள் அவரை எதிர்த்துக் காட்டிலும் மேட்டிலும் போரிட்டன. ஆலா சிங் மூவரோடும் உறவாடினார். 1762ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், சீக்கியர் 'பெருங்கொலை' என்று இன்றும் நினைவுகூரும் நாளில், அப்தாலியின் படை பெண்டிர் பிள்ளைகளோடு சென்ற சீக்கியக் கூட்டத்தைச் சூழ்ந்து பல்லாயிரவரைக் கொன்றது. அது நடந்த இடம் ஆலா சிங்கின் நாட்டெல்லைக்கு அணித்தே. அவர் போரிற் கலந்துகொள்ளவில்லை. அப்படியிருந்தும் அப்தாலி அவரைப் பிடித்துச் சென்று, தலைமயிரை மழிக்குமாறு ஆணையிட்டார் என்பது மரபு. சீக்கியர்க்கு மயிர் மழித்தல் சமயத்தைத் துறத்தலாகும். ஒன்றேகால் இலட்சம் ரூபாய் தனியே கொடுத்து மயிரைக் காத்துக்கொண்டார்.

1764ஆம் ஆண்டு சனவரியில் சீக்கியப் படைகள் அப்தாலியின் ஆளுநரைக் கொன்று சர்ஹிந்தை வென்றபோது ஆலா சிங் அவர்களோடு நின்றார். மறுஆண்டே அப்தாலியிடமிருந்து முரசும் கொடியும் 'ராஜா' என்னும் பட்டமும் பெற்றார். அவ்வாண்டிலேயே இறந்தார். இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவர் காலத்துச் சீக்கியத் தலைவர் சிலர் அவரை வெறுத்தனர். குடியைக் காத்தவர் என்று வழியினர் போற்றினர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. மணற்காட்டில் வளர்ந்தவர், காற்றடிக்கும் திசைக்கு முதுகு காட்டத் தெரிந்துகொண்டார். பட்டியாலா அரசு தன் நாணயங்களில் அகமது ஷாவின் பெயர் பொறித்த வாசகத்தையே நெடுங்காலம் அச்சிட்டு வந்தது. அப்தாலியின் பேரரசு சிதைந்து மறைந்த பின்னும் பட்டியாலாவின் உரூபாயில் அப்பெயர் வாழ்ந்தது.

இக்குடியின் வரலாற்றில் பெண்டிர்க்குள்ள இடம் சிறிதன்று. ஆலா சிங்கின் மனைவி ஃபத்தோ, கணவர் சிறைப்பட்ட காலத்தில் பொருள் திரட்டி மீட்டவர். அவர் வழியினர் ஆண்ட காலத்தில், ஆடவர் தளர்ந்தபோதெல்லாம் பெண்டிரே ஆட்சியைத் தாங்கினர். அவருள் தலையாயவர் பீபி சாகிப் கௌர். ஆலா சிங்கின் கொள்ளுப்பேரனாகிய சாகிப் சிங், அரசை நடத்தும் ஆற்றலின்றி, மணமாகிச் சென்றிருந்த தமக்கையை 1793ஆம் ஆண்டில் அழைத்து முதலமைச்சர் ஆக்கினார். மறுஆண்டு மராட்டியப் படை வந்தது. அம்பாலாவுக்கு அருகே மர்தான்பூரில் தம் படை சோர்ந்து பின்வாங்க முனைந்தபோது சாகிப் கௌர் உருவிய வாளுடன் முன்னே நின்று ஊக்கினார். இரவில் திடீரெனத் தாக்கி மராட்டியரைத் திரும்பச் செய்தார். கைம்பெண் மறுமணத்தை இழிவென்று ஒதுக்காத ஒரு சமூகத்தில், பெண் படைநடத்துவதும் அத்துணைப் புதுமையாகத் தோன்றவில்லை போலும். ஜிந்து அரசர் கஜபத் சிங்கின் மகள் ராஜ் கௌர் சுக்கர்சக்கியா குடியில் மணம் புரிந்து பெற்ற மகனே, பஞ்சாபின் சிங்கம் எனப்பட்ட ரஞ்சித் சிங்.

சோப்ராவுனில் எதிரெதிரே

அந்த ரஞ்சித் சிங்குக்கு அஞ்சியே தாய்வழி உறவினர் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தனர். 1806ஆம் ஆண்டுமுதல் அவர் சத்லெஜைக் கடந்து வரலாயினார். ஃபுல்கியான் அரசர்கள் தில்லிக்குத் தூது விட்டனர். 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அமிர்தசரசில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சத்லெஜ் எல்லையாயிற்று. அதன் தென்பால் அரசுகள் ஆங்கிலேயர் பாதுகாப்பில் வந்தன.

ரஞ்சித் சிங் இறந்தபின் நிகழ்ந்த முதற் சீக்கியப் போரில் இக்குடியின் பிளவு வெளிப்பட்டது. பட்டியாலாவும் ஜிந்தும் ஆங்கிலேயர் பக்கம் நின்றன. நாபா அரசர் தேவேந்திர சிங் உதவத் தயங்கியதால் 1846ஆம் ஆண்டில் அரியணை இழந்தார். நாட்டின் நாலில் ஒரு பங்கும் பறிபோயிற்று. மறுபக்கத்தில், இலாகூர் அரசின் முதுபடைத்தலைவர் அட்டாரி ஷாம் சிங் 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் சோப்ராவுன் களத்தில் வெள்ளாடை உடுத்துப் பொருது வீழ்ந்தார். அட்டாரிக் குடும்பமும் சித்துவே. ஒரே கோத், ஒரே ஜெய்சல் கதை, ஆற்றின் இரு கரையில் இரு படை. குடி என்பது குருதியை நினைவில் வைத்திருக்கும். கொள்கையை அது முடிவு செய்வதில்லை.

1857ஆம் ஆண்டிலும் ஃபுல்கியான் அரசர் மூவரும் ஆங்கிலேயர்க்கே உதவினர். கைம்மாறாகப் பட்டியாலாவுக்கு நார்னௌலும், ஜிந்துக்குத் தாத்ரியும், நாபாவுக்குப் பாவலும் கிடைத்தன. அவை தாய்நாட்டோடு ஒட்டாது தொலைவிற் கிடந்த துண்டுகள்.

இவ்வரிசையில் வேறாக நின்றவர் நாபாவின் ரிபுதமன் சிங். சீக்கியத் திருமண முறைக்குச் சட்ட ஒப்புதல் தரும் மசோதாவை 1908ஆம் ஆண்டில் இந்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். மறுஆண்டு அது சட்டமாயிற்று. அரியணை ஏறியபின் ஆங்கில அதிகாரிகளோடும், உறவினராகிய பட்டியாலா அரசர் பூபேந்திர சிங்கோடும் அவர்க்கு ஒத்துப்போகவில்லை. 1923ஆம் ஆண்டு சூலையில் அவர் நாடு துறக்க நேர்ந்தது. அவரை மீண்டும் அமர்த்த வேண்டும் என்று அகாலிகள் நாபாவைச் சேர்ந்த ஜைத்தோவில் அறப்போர் தொடங்கினர். அதனைக் காணச் சென்ற ஜவகர்லால் நேருவும், கித்வானி, சந்தானம் என்னும் இருவரும் அவ்வாண்டு செப்டம்பரில் சிறைப்பட்டனர். சந்தானம் தமிழர். அவர் கையும் நேருவின் கையும் ஒரே விலங்கிற் பிணைக்கப்பட்டன. 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் ஜைத்தோவில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் மாண்டனர். டேராடூனில் இருந்த ரிபுதமன் சிங், 1928ஆம் ஆண்டில் அரசர் பட்டமும் பறிக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக் கோடைக்கானலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் அம்மலையிலேயே காவலில் வாழ்ந்து 1942ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார். மழையற்ற மணற்காட்டுக் குடியில் வந்தவர்க்கு மேகம் தவழும் மலையே சிறையாயிற்று.

அரசுகள் ஒழிந்தபின்

1948ஆம் ஆண்டில் பட்டியாலா, நாபா, ஜிந்து, ஃபரித்கோட் முதலிய எட்டு அரசுகள் ஒன்றுசேர்ந்து பெப்சு என்னும் மாநிலமாயின. யாதவேந்திர சிங் அதன் தலைவரானார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் பெப்சுவும் பஞ்சாபுடன் கலந்தது. 1966ஆம் ஆண்டில் பஞ்சாப் பிரிந்தபோது ஜிந்து அரியானாவுக்குச் சென்றது. திலோகாவின் வழியினர் ஆண்ட இரு நாடுகளும் இரு மாநிலத்திற் பட்டன. யாதவேந்திர சிங்கின் மகன் அமரிந்தர் சிங் 2002 முதல் 2007 வரையும், 2017 முதல் 2021 வரையும் பஞ்சாபின் முதலமைச்சராய் இருந்தார். முன்னோர் படைகொண்டு பெற்ற நாட்டை அவர் வாக்குச்சீட்டால் ஆண்டார். அதனாலேயே இழக்கவும் செய்தார்.

மன்னரின் கதை இவ்வாறாக, உழவராய் இருந்த சித்துக்களுள் பலர் கடல் கடந்தனர். 1873ஆம் ஆண்டில் காப்டன் ஸ்பீடி பேராக்கின் லாரூட் பகுதிக்குப் பஞ்சாபிலிருந்து வீரரைத் திரட்டி வந்தார். 1881ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சீக்கியர் காவற்படை அமைந்தது. 1896ஆம் ஆண்டில் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 'மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்' படை உருவாகி 1919ஆம் ஆண்டுவரை நின்றது. பங்கு பிரித்துப் பங்கு பிரித்துக் குறுகிப்போன நிலமே பஞ்சாபின் இளைஞரை இப்படைகளுக்கு அனுப்பியது. வந்தவர்கள் மால்வா, மாஜா, தோவாப் என்று தம் வட்டாரப் பிரிவையும் கொண்டுவந்தனர்; ஒரே ஊரில் வட்டாரத்துக்கொரு குருத்வாரா எழுந்ததும் உண்டு.

குருமார் சாதிப்பெயர் வேண்டா என்று கருதி ஆடவர்க்குச் சிங் என்றும் பெண்டிர்க்குக் கௌர் என்றும் பொதுப்பெயர் தந்தனர். ஆயினும் ஒரே சிங் பல்லாயிரவர் இருந்தமையால், அலுவலகப் பதிவேடுகளின் வசதிக்காகவேனும் கோத் பெயர் மீண்டும் ஒட்டிக்கொண்டது. திருமணப் பேச்சில் அதற்கு இன்னும் வலிமை உண்டு. தன் கோத்து, தாயின் கோத்து, தந்தையைப் பெற்றவள் கோத்து, தாயைப் பெற்றவள் கோத்து ஆகிய நான்கிலும் பெண் கொள்ளலாகாது என்பது பழைய விதி. நகரத்தார் இதனைச் சுருக்கி முதலிரண்டோடு நிறுத்திக்கொள்வர். ஆனால் சித்துவும் பிராரும் உடன்பிறந்தார் ஆதலின் தம்முள் மணம் செய்துகொள்ளலாகாது என்பதைப் பழமை பேணும் குடும்பங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஜெய்சலின் பெயரையே கேட்டறியாத கிழவியும், சித்து வீட்டுப் பிள்ளைக்குப் பிரார் வீட்டுப் பெண்ணைப் பேசினால் உடனே தலையசைத்து மறுத்துவிடுவாள்.